கதண்டு கடித்தவளின் தூக்கம்

அருளப்பன் கண் வார்டில் இருபது வருஷம் சொட்டு மருந்து விட்டவர். ஐம்பத்திரண்டு வயதில், தானே மனுப் போட்டு அவசரப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தார். "உனக்கு ஏன்யா இந்த வேண்டாத வேலை?" என்று கேட்காத ஆள் இல்லை. மனுஷன் அசையவில்லை.

அங்கே பொறுப்பு டாக்டர் மெகருன்னிசா. இவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர். முதல் நாளே அருளப்பன் அவர் முன்னால் போய் நின்றார்.

"மேடம், எனக்கு இங்க ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்."

"என்ன தெரியணும் பிரதர்?" ஆண் நர்ஸ்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அலர்ஜின்னு வந்தா முதல்ல என்ன செய்யணும்?"

"வரட்டும். அப்ப சொல்றேன்."

அந்த வார்டில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காலையிலேயே அரிப்பை அடக்கும் அவில் ஒரு சிரிஞ்சிலும் டெக்ஸா என்கிற ஸ்டீராய்டு ஒரு சிரிஞ்சிலும் ஏற்றி ட்ரேயில் வைத்துவிடுவார்கள். அரிப்பு, தடிப்பு என்று யார் வந்தாலும் பேர் எழுதுமுன்பே இரண்டையும் போட்டுவிடுவார்கள். டாக்டர் கத்திக் கத்திப் பார்த்தார். அவர் தலை மறைந்ததும் ட்ரே பழையபடி நிரம்பிவிடும்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு ஷேர் ஆட்டோவில் செங்கமலத்தைக் கொண்டுவந்தார்கள். ஏரிக்கரையில் நூறு நாள் வேலை. பனைமரத்துக் கூடு கலைந்து, கதண்டு என்கிற அந்தப் பெரிய குளவி ஏழெட்டு இடத்தில் கடித்திருக்கிறது. முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்துப் போயிருந்தது.

"எரியுதே! அரிக்குதே! என்னைக் கொன்னு போடுங்கடா!" வார்டே கிடுகிடுத்தது.

"வர்ற வழியில ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துச்சு சார்," என்று மகள் வாசுகி அழுதாள். "அம்மாவை விட்டா எனக்கு யாருமில்ல."

டாக்டர் கடைசிக் கட்டிலில் ஒருவருக்கு மண்டையில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "பிரதர், பிரஷர் பார்த்துட்டு உடனே கூப்பிடுங்க!"

பிரஷர் பார்க்கலாம், முதலில் இந்தம்மா அடங்கட்டும் என்று அருளப்பன் நினைத்தார். ட்ரேயில் இருந்த இரண்டு ஊசியையும் போட்டார்.

பத்து நிமிஷத்தில் சொறிந்த கை நின்றது. கண் மூடியது. சத்தமே இல்லை.

"தூங்கிட்டா பாரு," என்றாள் கூட வந்த ஒருத்தி. "நீங்க நல்லா இருப்பீங்க சார்." அருளப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

டாக்டர் தையலை முடித்துவிட்டு ரத்தக் கையுறையோடு ஓடிவந்தார்.

"அந்தம்மா சத்தம் எங்க?"

"தூங்குறாங்க மேடம். அவில் நல்லாக் கேட்டிருக்கு."

டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நெற்றியைத் தொட்டார். வேர்த்துக் கொட்டியிருந்தது. கை சில்லிட்டிருந்தது. பிரஷர் பட்டையைச் சுற்றினார். மேல் அளவு அறுபதுதான்.

"அட்ரினலின் எடுங்க."

"மேடம், ஐம்பது வயசுக்காரங்க. இதயம் படபடன்னு..."

"படபடக்கட்டும். விழுந்த பிரஷரைத் தூக்க இப்ப நமக்கு அதுதான் வேணும். அரை மில்லி. தொடையில, வெளிப்பக்கம். நீங்களே போடுங்க."

அருளப்பன் மருந்தை ஏற்றினார். தொடையில் போட்டார். வாசுகி தாயைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தாள். டாக்டர் தடுத்துப் படுக்கவைத்து, காலை உயர்த்தினார். ஆக்சிஜன் வைத்தார்கள். சலைன் வேகமாக இறங்கியது.

ஐந்து நிமிஷம் கழித்து எழுபது.

"இன்னொன்னு," என்று டாக்டர் வாயெடுப்பதற்குள் அருளப்பன் ஊசியோடு நின்றார்.

அதற்கப்புறம் எண்பத்தைந்து. பிறகு நூறு. செங்கமலம் கண்ணைத் திறந்து, "வாசுகி எங்க?" என்றாள். அந்தப் பெண் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதது.

அருளப்பன் டாக்டர் மேஜைக்கு வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"கொன்னிருப்பேன் மேடம். அவில் பொய் மருந்தா?"

"இல்ல. அரிப்புக்கும் தடிப்புக்கும் அது கேக்கும். மூச்சு அடைச்சாலோ பிரஷர் விழுந்தாலோ அதால ஒண்ணும் ஆகாது. தூக்கம் வேற வரும். கண்ணு சொருகினது மருந்தாலயா, பிரஷராலயா? உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியல. என்னைக் கண் வார்டுக்கே அனுப்பிடுங்க."

"முடியாது. சாயங்காலம் வரைக்கும் கால் மணிக்கு ஒரு தரம் பிரஷர் பாருங்க. திரும்பவும் விழலாம்."

பார்த்தார். சாப்பிடப் போகவில்லை. கட்டிலை விட்டு நகரவில்லை. நடுவில் ஒரே ஒரு தரம் போய், ட்ரேயில் ஏற்றி வைத்திருந்த சிரிஞ்சுகளையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டார். பழைய ஆட்கள் முறைத்தார்கள். இவரும் முறைத்தார்.

நாலு மணிக்குச் செங்கமலத்துக்கு நல்ல தெம்பு வந்துவிட்டது. அரிப்பும் கூடவே வந்தது.

"ஏய் வெள்ளச்சட்டை! ஊசி போடத் தெரியாத உன்னை எவன்டா வேலைக்கு வச்சான்? உடம்பு பத்திக்கிட்டு எரியுது, நீ பட்டையைச் சுத்திக்கிட்டு நிக்கிற!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் முணுமுணுத்தார்கள். வாசல் காவலாளி எட்டிப் பார்த்து, "எதையாவது போட்டு அமுக்குங்க சார், காது வலிக்குது," என்றார்.

அருளப்பன் டாக்டரிடம் வந்தார்.

"மேடம், பிரஷர் நூத்திப்பத்து. மூச்சு நல்லா இருக்கு. வாந்தி இல்ல. ஆனா வார்டு ரெண்டு படுது. இன்னொரு அவில் போட்டு நிறுத்திடவா?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார்.

"எதை நிறுத்தணும் பிரதர்? அந்தம்மா அரிப்பையா, அந்தம்மா சத்தத்தையா?"

அருளப்பன் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே செங்கமலம் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டிருந்தாள்.