நாளைக்குள் ஒரு கிணறு

செம்பியூர் அரசர் கோப்பெருமாளுக்கு அவசரம் என்பது கூடப் பிறந்த வியாதி. நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடந்தாக வேண்டும். அன்று அவர் நினைத்தது ஒரு கிணறு.

"நாளை விருந்தினர் வருகிறார்கள். மாலைக்குள் நந்தவனத்தில் கிணறு வெட்டி நீர் இறைத்துக் காட்ட வேண்டும்" என்றார்.

கிணறு வெட்டும் சடையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சாமி, பத்துப் பேரு வெட்டினா ஆறு நாளு ஆகுமுங்க."

அமைச்சர் திருமேனிநாதருக்கு மனக்கணக்கில் அபார நம்பிக்கை. கண்ணை மூடித் திறந்தார். "அறுபது பேரை இறக்குங்கள் அரசே. ஒரே நாள்!"

"உள்ளே பத்துப் பேருக்கு மேல நின்னா, ஒருத்தன் காலை ஒருத்தன் வெட்டிக்குவானுங்க சாமி!"

"கணக்கு பொய் சொல்லாது. இவன்தான் சோம்பேறித்தனத்துக்குச் சாக்குச் சொல்கிறான்."

அரசர் தலையாட்டிவிட்டார். "நாளை மாலை நீர் வராவிட்டால் அறுபது பேருக்கும் சிறை!"

சடையனின் முகம் வெளுத்துப் போனது. சபையில் இருந்த விதூஷகன் விருத்தகிரிக்கு இது அநியாயமாகப் பட்டது. ஆனால் அரசரிடம் நேராகப் போய் வாதாடினால் தனக்கும் ஒரு விலங்கு நிச்சயம் என்று அவனுக்குத் தெரியும். வேறு வழி யோசித்தபடி வீட்டுக்குப் போனான்.

மறுநாள் விடியலில் அரசர் சவரத்துக்கு உட்கார்ந்தார். வழக்கமாக வரும் நாவிதர் வந்தார். அவர் பின்னால் இன்னொருவர். அவர் பின்னால் இன்னொருவர். மொத்தம் பத்துப் பேர். பத்துக் கையிலும் பளபளக்கும் கத்தி. கடைசியாக விருத்தகிரி.

"இதென்னடா கூத்து?"

"அரசருக்கு இன்று அவசரம் அல்லவா! ஒரு நாவிதர் சவரம் செய்தால் ஒரு நாழிகை, அதாவது அறுபது விநாழிகை. பத்துப் பேர் செய்தால் ஆறே விநாழிகை! உம், ஆரம்பியுங்கள்!"

பத்துக் கத்தியும் ஒரே சமயத்தில் முகத்தை நோக்கி வந்தன. அரசர் துள்ளி எழுந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"முட்டாளே! எனக்கு இருப்பது ஒரு முகம். இத்தனை கத்தி எங்கே போகும்? மூக்கு மிஞ்சுமா?"

"நானும் அதையேதான் யோசித்தேன் அரசே. ஆனால் நேற்றைய கணக்கில் ஆள் இருந்தது, நாள் இருந்தது, நிற்க இடம் மட்டும் இல்லை. சரி, சடையன் ஆட்களின் காலுக்கு வேண்டாத இடம் அரசரின் மூக்குக்கு மட்டும் எதற்கு என்று விட்டுவிட்டேன்."

அரசர் ஒரு கணம் முறைத்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி விருத்தகிரியின் கழுத்தில் போட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த அமைச்சரைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் உற்சாகம்.

"வாரும் திருமேனிநாதரே! கணக்கு பொய் சொல்லாது என்றீரே, உட்காரும். உமது முகத்திலேயே பார்த்துவிடுவோம்."

பத்து நாவிதர்களும் அவர் பக்கம் திரும்பினார்கள். அமைச்சர் இரண்டு கைகளாலும் மீசையைப் பொத்திக்கொண்டார்.

"ஆறு நாள் அரசே! கிணறு ஆறு நாளே ஆகட்டும்! அவசரம் என்றால் ஏழு நாள்கூட ஆகட்டும்!"