குளத்துக் குஞ்சுக்கு மலைப் பாடம்

அல்லிக்குளத்தில் செங்கழுத்தி என்றொரு முக்குளிப்பான் இருந்தது. தண்ணீரில் முங்கிப் பிழைக்கும் சின்னப் பறவை. அதற்கு மூன்று குஞ்சுகள். பருந்தின் நிழல் விழுந்தால் முங்கு, நாணலுக்குள் போய் மூக்கை மட்டும் நீட்டு: இதுதான் அது சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

ஒரு நாள் மலையிலிருந்து முயலார் ஓலையோடு வந்தார். சிங்கராஜாவின் கல்வி அதிகாரி அவர்.

"பருந்து வந்தால் அசையாமல் கிடக்க வேண்டும்! இனி எல்லாக் காட்டுக்கும் ஒரே பாடம், ஒரே பரீட்சை!"

"ஐயா, நீங்கள் புல்லுக்குள் கிடக்கிறவர். உங்களுக்குச் சரி. நடுத்தண்ணீரில் அசையாமல் கிடந்தால் பருந்துக்கு இலை போட்டுப் பரிமாறின மாதிரி ஆகாதா?"

"அதையெல்லாம் மலையில் யோசித்துவிட்டார்கள்."

"யோசித்தவர்களில் நீந்தத் தெரிந்தவர் ஒருவராவது உண்டா?"

முயலார் ஓலையைச் சுருட்டினார். "பெயிலான குஞ்சு குளத்தில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்!"

செங்கழுத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாணல் அழிகிறது, நட்டுத் தாருங்கள் என்று சிங்கராஜாவிடம் மூன்று மழைக்காலமாகக் கேட்கிறது. நாணல் வரவில்லை, பரீட்சை வந்துவிட்டது! ஆனாலும் குளத்தை விட்டுக் குஞ்சுகள் எங்கே போகும்? அலகைக் கடித்துக்கொண்டு மலைப் பாடத்தையும் சொல்லிக் கொடுத்தது.

பரீட்சை நாள். முயலார் கரைச் சேற்றில் உட்கார்ந்தார். குஞ்சுகள் நடுக்குளத்தில் மிதந்தன. அந்த நேரம் பார்த்து நிஜப் பருந்தே வந்தது!

"முங்குங்கடி!" என்று அலறியது தாய்.

இரண்டு முங்கின. கடைக்குட்டி மட்டும், "அசைஞ்சா மார்க் போயிடும்மா!" என்று கல்லாய்க் கிடந்தது.

செங்கழுத்தி பாய்ந்து, அதை இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டு முங்கியது. பருந்தின் நகத்தில் சிக்கியது ஒரே ஓர் இறகு.

பருந்து வெறுங்காலோடு திரும்புமா? புல் முளைக்காத சேற்றில் முயலார் பாடம் தவறாமல் அசையாமல் கிடந்தார்! காதில் கீறல் விழுந்ததும் பாடமாவது ஒன்றாவது? தொப்பென்று நாணலுக்குள் குதித்து, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டார்.

பருந்து போனதும் சொட்டச் சொட்டக் கரையேறி, ஓலையில் எழுதினார்: 'மூன்றும் அசைந்தன. மூன்றும் பெயில்.'

"நீங்கள் மட்டும் அசையாமலா குதித்தீர்கள்?"

"எனக்கு ஏது பரீட்சை?"

செங்கழுத்தி ஓலையை வெடுக்கென்று பிடுங்கி, தன் மிதக்கும் கூட்டுக்கு அடியில் செருகியது. "இதற்காவது உதவட்டும்! மறுபடி வந்தால் நாணலோடு வாருங்கள்!"

ஆபத்து எந்தக் குளத்தில் வருமோ, பாடமும் அந்தக் குளத்தில்தான் எழுதப்பட வேண்டும்.