இடது கால்

கொல்லிமலை அடிவாரத்தில் அருக்காணியின் பட்டறை இருந்தது. எழுபது வளைவு இறங்கி வருகிற வண்டிகள் முதலில் மூச்சு வாங்குவது அங்கேதான். பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பிரேக் வேலைக்கு வந்த வண்டியின் சாவி சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். அதை அருக்காணிதான் எடுத்துக் கொடுப்பாள். அவள் கொடுக்காத வரை எப்பேர்ப்பட்ட மனிதரின் வண்டியும் நகராது.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தாறு. பதினோரு வருஷம் மலையில் பிக்கப் ஓட்டியவர். ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவர் என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். எதிர்வண்டி வெளிச்சத்தில் கண் கூசத் தொடங்கியதும் வண்டியை மருமகன் சம்பத்திடம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அந்த ஆணியில் கை வைக்க அவருக்கு உத்தரவு இல்லை. அது அவருக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சம்பத் அதே பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். இறக்கத்தில் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது என்றான். இதை அவன் மாமனாரிடம் வீட்டில் வைத்து இரண்டு முறை சொல்லியிருந்தான். இரண்டு முறையும் அவர் ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு, வண்டியில் ஒன்றுமில்லை, மலையில் மிதிக்கத்தான் மாப்பிள்ளைக்குப் பழகவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் சந்தை. பலா ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். சனிக்கிழமைகளில் பொன்னுரங்கத்தின் மகள் பூங்கொடியும் கணவன் சம்பத்தோடு முன்சீட்டில் வருவாள்.

அருக்காணி வண்டியைப் பொன்னுரங்கத்திடம் விட்டாள்.

அவர் வேலையில் குறை வைக்கவில்லை. டப்பாவில் பிரேக் ஆயில் பார்த்தார், நிறைய இருந்தது. நான்கு சக்கரத்தையும் கழற்றினார், எங்கும் ஒரு சொட்டுக் கசிவில்லை. பிறகு சம்பத்தை மிதிக்கச் சொல்லி, குழாயில் சிக்கிய காற்று வெளியேற நான்கிலும் ஏர் எடுத்தார். கடைசியில் தானே ஏறி மிதித்துப் பார்த்தார். பெடல் கல்லாக நின்றது.

கை துடைத்துக்கொண்டு அருக்காணியிடம் வந்தார்.

"வேலை முடிஞ்சுதுங்க அம்மணி. ரெண்டு வருசம் ஆச்சு. என் வார்த்தையில ஒரு வண்டியாச்சும் வெளிய போகக் கூடாதுங்களா?"

அருக்காணி எழுந்து வண்டியருகே வந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறி ஒருக்கா மிதிங்கண்ணா."

அவர் மிதித்தார். பெடல் நின்றது.

"எத்தன தடவை மிதிச்சீங்க?"

"ஒருக்காத்தான்."

அவள் சம்பத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"மூணுங்க மாமா," என்றான்.

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த முறை கவனமாகக் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டே மிதித்தார். கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சின்னதாக இரண்டு தட்டு, அப்புறம் ஓர் அழுத்து. இன்னொரு முறை முயன்றார். அதே இரண்டு தட்டு, அதே அழுத்து.

"எடது காலால மிதிங்க," என்றாள் அருக்காணி.

"எதுக்குங்க?"

"அதுக்குக் கிளச்சு மட்டுந்தானுங்க தெரியும்."

அவர் கோணலாகத் திரும்பி உட்கார்ந்து இடது காலை வைத்தார். பெடல் நின்றது. "எடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் எதிர்க்கடையில் டீ சொன்னாள். டீ வந்தது. அவள் ஊதி ஊதிக் குடித்தாள். அவள் பாதி குடிப்பதற்குள் பெடல் அவர் காலுக்கடியில் மெல்ல இறங்கி, தரைவிரிப்பில் போய் உட்கார்ந்தது.

பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருந்தது. ஆயில் வெளியே வரவில்லை, உள்ளுக்குள்ளேயே நழுவியது. அது இன்று நேற்றுத் தேய்ந்ததல்ல. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயத் தேய, அவருடைய வலது காலும் இரண்டு தட்டில் அழுத்தத்தை ஏற்றி, அவருக்குச் சொல்லாமலே ஈடுகட்டப் பழகியிருந்தது.

பொன்னுரங்கம் வண்டியை விட்டு உடனே இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் பயம் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த இறக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மகளை நினைத்தார்.

பிறகு புது சிலிண்டர் வாங்கிவந்து மாட்டினார். மறுபடி ஏர் எடுத்தார். இடது காலை வைத்து, அருக்காணி இன்னொரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் அழுத்திப் பிடித்திருந்தார். பெடல் மயிரிழைகூட இறங்கவில்லை.

"என்னங்கண்ணா, போகலாமா?" என்றாள் அருக்காணி.

இரண்டு வருஷமாகச் சொல்லக் காத்திருந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. பொன்னுரங்கம் இறங்கி, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தபடியே விட்டு விலகி நின்றார்.

"மாப்பிள்ளை மிதிச்சுப் பாத்துச் சொல்லட்டுங்க அம்மணி."

சம்பத் ஏறினான். ஒரே ஒரு முறை மிதித்துக் காலை எடுக்காமல் வைத்திருந்தான். வெகுநேரம் வைத்திருந்தான். மாமனார் அவசரப்படுத்தவில்லை.

"இப்ப நிக்குதுங்க மாமா."

பொன்னுரங்கம் அருக்காணியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாளியருகே உட்கார்ந்து கையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சாவி ஆணியிலதானுங்கண்ணா இருக்குது," என்றாள்.