சாப்பாட்டு மணியில அடைகாத்த முட்டைங்க

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சு கண்ணு. கடலுக்குக் கிட்டக்க, உப்பளத்துக்கு நடுவுல. காத்து அடிச்சா உதடெல்லாம் கரிக்கும், அப்படி ஒரு ஊரு. ம் கொட்டு. ம்... நீ கொட்டினாத்தான் எனக்குக் கதை வரும்.

அந்தப் பள்ளிக்கூடத்துல செலின் டீச்சர்னு ஒரு அறிவியல் டீச்சர். மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சதும் பிள்ளைங்க சோத்தை அவுக் அவுக்னு முழுங்கிட்டு, கையைக்கூடச் சரியாக் கழுவாம டீச்சர் ரூமுக்கு ஓடும். எதுக்கு? அங்கதான் அறிவியல் மன்றம். சமையல் சோடாவுல எலுமிச்சம்பழத்தைப் பிழிவாங்க, புஸ்ஸ்ஸ்னு நுரை பொங்கும். சீப்பைத் தலையில பரபரன்னு தேச்சுட்டு காகிதத் துணுக்குகிட்ட நீட்டுவாங்க, துள்ளித் துள்ளி வந்து ஒட்டும். தட்டுல தண்ணி ஊத்தி, நடுவுல மெழுகுவத்தியைக் கொளுத்தி, மேல டம்ளரைக் கவுப்பாங்க. தீ அணையும், தண்ணி குபுக்னு உள்ள ஏறும். ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு.

அந்தக் கூட்டத்துல பூவிழின்னு ஒரு பொண்ணு. ஆறாம் வகுப்பு. அவளுக்கு அம்மா இல்ல, போன வருசம் காய்ச்சல்ல போயிட்டாங்க. அப்பா விடியறதுக்குள்ள உப்பளத்துக்குக் கிளம்பிடுவாரு. வீட்டுல துணைன்னா ஒரு கருப்புக் கோழிதான். அவ அம்மா குஞ்சா வாங்கி வளர்த்தது. பூவிழி தெருமுனையில வரும்போதே கொக்கொக்கொக்னு ஓடி வரும்.

அப்போ அந்தக் கோழி அடை உக்காந்திருந்துச்சு. ஏழு முட்டை. ஒரு நாள் காலையில பூவிழி எழுந்து பாக்குறா, கூடையைச் சுத்திக் கருப்பு கருப்பா இறகு கிடக்கு. கோழியைக் காணோம். நாய் கவ்விட்டுப் போயிடுச்சு. முட்டையைத் தொட்டுப் பாத்தா, சூடு இன்னும் இருக்கு.

ம்?

அவ அழவே இல்ல கண்ணு. அம்மாவோட பழைய சேலையில ஏழு முட்டையையும் சுத்தினா, வயித்தோட அணைச்சுக்கிட்டா, தடதடன்னு பள்ளிக்கூடத்துக்கு ஓடினா.

"டீச்சர், கோழி போயிடுச்சு. இதுங்க சாகக் கூடாது டீச்சர்."

செலின் டீச்சர் பாத்தாங்க. "நான் இதுவரைக்கும் செஞ்சதில்லடி பூவிழி. முயற்சி பண்ணுவோம்"னாங்க.

பூவிழி பக்கத்துல உக்கார்ற கூட்டாளி ஹமீதா கையைத் தூக்கினா. "நாமளே கோழியா இருப்போம் டீச்சர்!"

எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. பூவிழி மட்டும் சிரிக்கல.

அப்புறம் என்ன செஞ்சாங்க, மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டி ஒண்ணு கொண்டாந்தாங்க. அடியில வைக்கோல். மூடியில ஓட்டை போட்டு ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாங்க. டக்னு சுவிட்சைப் போட்டா, உள்ள மஞ்சளா வெயில் அடிக்குது. "நம்ம உடம்புச் சூட்டைவிட ஒரு துளி கூட இருந்தாப் போதும்"னாங்க டீச்சர். அப்போ எல்லாருக்கும் சந்தோசமான சந்தோசம்.

மறுநாள் மத்தியானம் மூடியைத் திறந்தா, குப்புனு அனல். பல்புக்கு நேர் கீழ இருந்த ரெண்டு முட்டை... அவிஞ்சு போச்சு கண்ணு. ரூமெல்லாம் அவிச்ச முட்டை வாசம். அன்னிக்குச் சத்துணவுலயும் முட்டைதான். பூவிழி தன் தட்டுல இருந்ததைத் தொடவே இல்ல.

சரின்னு, ரெண்டாவது தடவை. சின்ன பல்பு போட்டாங்க. ஓரத்துல ஒரு கிண்ணம் தண்ணி வெச்சாங்க. தெர்மாமீட்டரைச் செருகினாங்க. கோழி புரட்டிவிடுற மாதிரி முட்டையைப் புரட்டணுமே, அதுக்கு ஒரு பக்கம் பென்சில்ல பொட்டு வெச்சாங்க. பூவிழி காலையில புரட்டுவா, மத்தியானம் புரட்டுவா, வீட்டுக்குப் போகும்போது புரட்டுவா.

ஒரு நாள் டீச்சர் ஜன்னலையெல்லாம் சாத்திட்டு, முட்டைக்குப் பின்னாடி டார்ச் அடிச்சாங்க. ஐயோ, அதைப் பாக்கணுமே! முட்டை பூரா செக்கச் செவேல்னு ஆயிடுச்சு. உள்ள நூல் நூலா நரம்பு. நடுவுல ஒரு புள்ளி. துடிக்குது. துடிக்குது. துடிக்குது.

"இதயமா டீச்சர்?"

"ஆமாடி."

அன்னிக்குத்தான் பூவிழி சிரிச்சா. ம்... அன்னிக்கு மட்டுந்தான்.

அப்புறம் சனி ஞாயிறு வந்துச்சு. அந்த ரெண்டு நாளும் ஊர்ல கரண்ட் இல்ல. எங்கயோ ஒயரு அறுந்து போச்சு. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. பூவிழி கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, தொறக்க ஆளில்ல. திங்கக்கிழமை ஓடிப் போய் மூடியைத் தூக்கினா பெட்டி சில்லுனு கிடக்கு. டார்ச் அடிச்சாங்க. ஒண்ணுல அசைவில்ல. இன்னொண்ணுல இல்ல. அடுத்ததுலயும் இல்ல. நாலு போயிடுச்சு. கடைசி முட்டையில மட்டும் உள்ள ஏதோ மெல்லப் புரண்டுச்சு.

"இருக்கு டீச்சர், இருக்கு, இருக்கு!"

ஒரே ஒரு முட்டை. அன்னையிலேருந்து மன்றத்துல வேற சோதனையே கிடையாது. நுரை இல்ல, சீப்பு இல்ல. சாப்பிட்டுட்டு எல்லாரும் பெட்டியைச் சுத்தி உக்காந்துக்குவாங்க. கரண்ட் போனா வெந்நி பாட்டிலைத் துணியில சுத்தி உள்ள வெப்பாங்க. முட்டை பொரியுற நாளும் நெருங்கிடுச்சு.

அப்போதான் புயல் வந்துச்சு.

தூங்கிட்டியா? இல்லயா? சரி.

உய்ய்ய்னு காத்து. சளார் சளார்னு மழை. உப்பளத்துக்குள்ள கடல் பூந்துடுச்சு. ஊர் சனம் மொத்தமும் நனைஞ்சு தெப்பலா பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்துச்சு. பூவிழி வந்ததும் டீச்சர் ரூமுக்குத்தான் ஓடினா. பல்பு எரியல. ஆனா செலின் டீச்சர் அவளுக்கு முன்னாடியே வந்து, ரெண்டு வெந்நி பாட்டிலுக்கு நடுவுல முட்டையை வெச்சிருந்தாங்க. அவ குனிஞ்சு காதை வெச்சா.

கீச்.

முட்டைக்குள்ளேருந்து கண்ணு! ஓட்டுல மிளகு அளவுக்கு ஒரு விரிசல். உள்ளேருந்து டொக், டொக்னு மூக்கால கொத்துது.

அப்போ மத்தியானம். மணி அடிக்க ஆளில்ல. வெளிய இருட்டிக்கிட்டு வருது. ஆம்பளைங்கல்லாம் வாசக்கதவு பிச்சுக்கிட்டுப் போகாம முதுகைக் கொடுத்து நிக்கிறாங்க, பூவிழியோட அப்பாவும் அதுல ஒருத்தர். சமையக்கட்டுக் கூரை பறந்து, விறகெல்லாம் ஊறிப் போச்சு. இனிமே வெந்நிக்கு வழியில்ல. அந்த ரெண்டு பாட்டில்தான் சூடு.

அப்போ ஹமீதா ஓடி வந்தா. பின்னாடியே அவ உம்மா, கையில பச்சைப் பிள்ளையோட. ஹமீதாவோட தம்பி, பொறந்து ஒரு மாசம்கூட ஆகல. தண்ணியில தூக்கிட்டு வந்ததுல புள்ள விறைச்சுப் போய், உதடு நீலம் பாரிச்சுக் கிடக்கு. அழக்கூட இல்ல.

"டீச்சரம்மா, புள்ள சில்லிட்டுப் போச்சு டீச்சரம்மா!"

ஹமீதா பெட்டியைப் பாத்தா. பூவிழியைப் பாத்தா. ஒரு வார்த்தை கேக்கல. செலின் டீச்சர் பெட்டிகிட்டக் கையைக் கொண்டு போனாங்க, பாதியிலயே நின்னுடுச்சு அந்தக் கை.

கீச், கீச்.

பூவிழிதான் குனிஞ்சு ரெண்டு பாட்டிலையும் எடுத்தா. ஹமீதாகிட்ட நீட்டினா. "சீக்கிரம்"னா. அவ்வளவுதான் சொன்னா.

அப்புறம் முட்டையை எடுத்துத் தன் கக்கத்துல வெச்சுக்கிட்டா. ஆனா அவளே நனைஞ்சு போய் வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு இருந்தா கண்ணு. அவ உடம்புல சூடு எங்க இருக்கு? டீச்சர் வாங்கிப் பாத்தாங்க, அவங்களும் ஈரந்தான். வாயால ஹா ஹான்னு ஊதினாங்க. மாத்தி மாத்தி ஊதினாங்க.

கீச்.

கொஞ்ச நேரம் கழிச்சு, கீ.

அப்புறம் சத்தம் வரல.

அந்தப் பக்கம் புள்ள வீல்னு அழுதுச்சு. சனமெல்லாம் "பொழைச்சுடுச்சு, பொழைச்சுடுச்சு"ன்னு ஹோன்னு கத்துச்சு. ஒரு அம்மா வந்து பூவிழி தலையைத் தடவி, "ஒரு உயிரைக் காப்பாத்திட்டியே தாயி"ன்னாங்க.

பூவிழி உள்ளங்கையை விரிச்சுக் காட்டினா. "இதுவும் உயிருதான்"னா.

அந்த அம்மா தடவின கையை எடுத்துக்கிட்டாங்க. போயிட்டாங்க.

என்ன கண்ணு? அது திரும்ப முழிச்சுக்கலையா? இல்லடா. முழிச்சுக்கல. அப்படிச் சொல்லணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா அப்படி நடக்கல.

தண்ணி வடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்தப்போ, அந்த ரூமுல நிவாரண அரிசி மூட்டையா அடுக்கிட்டாங்க. பெட்டியை யாரோ எடுத்துப் போட்டுட்டாங்க. மத்தியானம் மணி அடிச்சா, பிள்ளைங்க சோத்தைச் சாப்பிட்டுட்டு வராண்டாவுல சும்மா உக்காந்திருந்துச்சு. "அடுத்த மாசம் மறுபடி ஆரம்பிக்கலாம்"னு செலின் டீச்சர் சொன்னாங்க. அந்த அடுத்த மாசம் வரவே இல்ல. அவங்களுக்கும் மனசு வரல போல.

புள்ளையா? புள்ளைக்கு என்ன, நல்லாத்தான் இருந்துச்சு. கொழுகொழுன்னு ஆயிடுச்சு. சில மாசம் போய் ஒரு நாள் ஹமீதா அவனை இடுப்புல தூக்கிக்கிட்டு பூவிழி வீட்டுக்கு வந்தா. "இந்தா பூவிழி, ஒரு தடவ வாங்கிக்கயேன். நீ கூப்பிட்டா சிரிப்பான்"னா. அவனும் கையை நீட்டிக்கிட்டுப் பொக்கை வாயால சிரிச்சான்.

பூவிழிக்கு அவன் மேல கோவம் கிடையாது கண்ணு. அவன் மேல என்ன கோவம்? ஆனா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னா. கை முன்னாடி வரவே மாட்டேன்னுடுச்சு. ஹமீதா அதைப் பாத்தா. அப்புறம் தம்பியைத் தோள்ல சாச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்துட்டா. பூவிழியும் போய் அவ பக்கத்துல உக்காந்தா. வெளிச்சம் போற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாங்க.

அவ்வளவுதான் கண்ணு. கதை அங்கயே நிக்குது, நாமும் நிறுத்திக்குவோம். போர்வையை இழுத்துக்கோ. கண்ணை மூடு.