இரவல் குரல்

"தாயே, என் குரல் இன்னும் கொஞ்சம் தடிக்கணும். மருந்து குடுங்க."

பூதலிங்கம் வந்ததும் வராததுமாகக் கேட்டது இதுதான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வாசலுக்கும் தூணுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். ஆளைப் பார்த்தால் மலை. வாயைத் திறந்தால் கீச்சு. ஆண்டவன் கணக்கே தனி, போங்கள்!

இன்றைக்கோ அந்தக் குரல் தடித்துக் கிடந்தது.

"தொண்டையை என்ன செஞ்சீர்?" என்றாள் சித்தம்மை. மடத்துத் தலைவி. வயதில் அவனைவிட இளையவள்தான். ஆனாலும் அவனுக்கு அவள்தான் குரு.

"நாலு நாளா விடியுமுன்ன ஆத்துல முங்கி, ஈரத்தலையோட கிடந்து சளி பிடிக்க வச்சேன். சளி பிடிச்சா குரல் இறங்கும்லா?"

"எதுக்கு இந்தக் கூத்து?"

"மாதங்கிக்காகத்தான். வேலப்பன் செத்ததுலேருந்து சோத்துக் கவளத்தைத் தொட மாட்டேங்குது. இப்படியே போனா அதுவும் செத்துரும் தாயே! எனக்கு உறக்கமே இல்ல."

வேலப்பன் மடத்து யானை மாதங்கியின் பழைய பாகன். ஆள் ஒரு பிடிதான் இருப்பான், குரலோ இடி. அவன் போனபின் அந்த வேலை பூதலிங்கத்துக்கு வந்தது.

"அவன் என் நெஞ்சு உயரம்கூட இல்ல. அவனுக்கு அந்தக் குரல், எனக்கு இந்தக் குரலா? என்ன நியாயம் இது?"

"உயரத்துலயா குரல் இருக்கு? தொண்டைக்குள்ள ரெண்டு மடிப்பு இருக்கு. அது நீளமா, தடிப்பா, தளர்வா இருந்தா குரல் இறங்கும். குட்டையா, விறைப்பா இருந்தா ஏறும். அவனுக்கு அப்படி அமைஞ்சுது, உமக்கு இப்படி. வாரும்."

கொட்டிலில் மாதங்கி சுவரைப் பார்த்து நின்றது. சித்தம்மை அவன் கையைப் பிடித்து அதன் நெற்றியில் வைத்தாள். காதில் ஒன்றும் விழவில்லை. உள்ளங்கை மட்டும் அதிர்ந்தது.

"என்ன தாயே இது?"

"பேசுது. பெரிய உடம்பு, விரல் நீளத்துக்கு மடிப்பு. நம்ம காதுக்கு எட்டாத கீழ்ச்சுருதி. உம்ம மடிப்பு நகத்தளவு. எத்தனை ஆத்துல முங்கி அங்க இறங்கப் போறீர்?"

"அம்புட்டு எனக்கு வேண்டாம். வேலப்பன் அளவு வந்தாப் போதும். கூப்பிட்டுக் காட்டுதேன், பாருங்க."

தொண்டையைச் செருமினான்.

"மாதங்கீ! வாட்டி எந்தாயி!"

அச்சு அசல் வேலப்பன்.

யானை சட்டென்று திரும்பியது. காதை விரித்தது. பூதலிங்கத்தைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்தது. அவனுக்குப் பின்னால் பார்த்தது. வாசலைப் பார்த்தது. வெகுநேரம் அங்கேயே பார்த்தது. பிறகு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

"பாத்தீங்களா? திரும்புது, ஆனா திங்க மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் தடிச்சுட்டா..."

"தினமும் இப்படித்தான் கூப்பிடுதீரா?"

"காலையில, மத்தியானம், சாயங்காலம். விடுவேனா நான்!"

சித்தம்மை ஒரு கவளத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"வேலப்பனை இன்னும் எத்தனை தடவை சாகடிப்பீர்?"