நூல் நுனியில் ஒரு கால்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் பேராச்சி மதினி. என் இரண்டாவது மகள் பிறந்த ஐப்பசியில், விடாத மழை சற்றே ஓய்ந்த வேளையில், ஈரத்துணியைக் கொடியில் உலர்த்திக்கொண்டே சொன்னாள். கேட்ட பரபரப்பில் கையிலிருந்த சேலையைச் சேற்றில் போட்டுவிட்டேன். முருகா, அவள் சொன்ன அதே வேகம் எனக்கும் வரவேண்டும்!

பூச்சிக்கும் காற்றுக்கும் வாய்ப்பேச்சு இருந்த காலம் அது. அப்போதெல்லாம் சிலந்தி வலைக்கு நட்டநடுவில்தான் குடியிருப்பாள். செம்பருத்திச் செடி ஒன்றில் ஒரு சிலந்தி வலை கட்டி, அதன் மேல் ஓரத்தில் சுருண்ட ஓர் இலைக்குள் முட்டைப் பையை ஒட்டி வைத்திருந்தாள். குஞ்சு பொரியும் வரை காவல் இருக்க உடம்பில் தெம்பு வேண்டுமே? இரைதான் கிடைக்கவில்லை. வாடைக்காற்று வந்து வலையைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டுவான். ஒட்டிய பூச்சியெல்லாம் அந்த உதறலில் பிய்த்துக்கொண்டு பறந்துவிடும்.

கீழ்க்கிளையில் ஓர் ஓணான் காத்திருந்தது.

“என்ன தங்கச்சி, இன்னைக்கும் பட்டினியா? நீ பாட்டுக்கு மயங்கி விழு. முட்டைப் பையை அண்ணன் பார்த்துக்கிடுதேன்.”

“நீங்க பார்க்கிற லட்சணம் தெரியாதா அண்ணாச்சி? முதல்ல வாயில வடியிற எச்சிலைத் துடைங்க.”

வாய்தான் அப்படிப் பேசியது. கண் முட்டைப் பையையே சுற்றிச் சுற்றி வந்தது.

அன்று சாயங்காலம் மழை விட்டது. மண்ணைப் பிளந்துகொண்டு ஈசல் கிளம்பிவிட்டது! பொலபொலவென்று, வானமே சிறகாய்! இந்த ஒரு பொழுதில் வயிறு நிறைந்தால் பிள்ளைகள் பிழைக்கும். இல்லையென்றால் ஓணானுக்குத்தான் விருந்து.

“வாடை ராசா, இன்னைக்கு ஒரு பொழுது நில்லேன்” என்று கெஞ்சினாள்.

“நின்னா அதுக்குப் பேரு காத்தா?” என்று சிரித்துக்கொண்டு வந்தான் அவன்.

வலை துள்ளியது. அவள் நடுவிலிருந்து அமுக்கினாள். இங்கே அமுக்கினால் அங்கே எழும்பியது. அங்கே ஓடி அமுக்கினால் இங்கே! நூலைக் கிளையோடு இன்னும் இறுக்கிக் கட்டினாள். அப்பவும் கேட்கவில்லை. ஆட்டம் நூல் வழியே ஓடி, கட்டைக் கிளையில் முட்டி, போன வேகத்திலேயே திரும்பி வந்தது. ஒட்டிய ஈசல் ஒவ்வொன்றாய் உதிர்ந்தது.

“இறுக்கு தங்கச்சி, நல்லா இறுக்கு!” என்று ஓணான் கீழே குதித்துக் குதித்துச் சிரித்தது.

பட்!

இறுக்கிய மேல்நூல் கிளையிலிருந்து அறுந்தது. வலை முழுவதும் சரியப் போகிறது! சிலந்தி பாய்ந்தாள். முட்டை இருந்த இலைக்குள் புகுந்து, பின்னங்கால்களால் காம்பைக் கவ்விக்கொண்டு, முன்னங்கால் ஒன்றை நீட்டி அறுந்த நுனியைப் பிடித்தாள். காற்று ஓங்கி ஓர் ஆட்டு ஆட்டினான். விறைத்து நிற்கப் பட்டினி உடம்பில் ஏது பலம்? நூல் இழுத்த இழுப்புக்குக் கால் மடங்கிக் கொடுத்தது. பிறகு மெல்லத் தன்னிடம் இழுத்துக்கொண்டது. மறுபடி கொடுத்தது. மறுபடி இழுத்தது.

நூலில் ஓடி வந்த ஆட்டம் அவள் கால் வரை வந்தது. வந்தது திரும்பவில்லை!

காற்று மலைத்துப் போனான். “ஏட்டி, என் ஆட்டத்தை எங்கே வச்சே?”

“என் காலுக்குள்ள வந்து படுத்துக்கிட்டது, ராசா. முட்டினாத்தானே திரும்பும்? நான் விட்டுப் பிடிக்கேன்.”

வலை அடங்கியது. அந்த அமைதியில் நூல் நுனி கிணுக்கென்று அசைந்தது. ஈசல்! இன்னொரு கிணுக்கு, இன்னொன்று! நுனியைக் காம்பில் சுற்றிவிட்டு ஓடிப்போய், ஈசலைக் கட்டிப்போட்டுவிட்டு வந்து மறுபடி நுனியைப் பிடித்தாள்.

ஓணானுக்குப் பொறுக்கவில்லை. சத்தமில்லாமல் கிளையேறி, இலைக்கு நேரே வாயைப் பிளந்தது. நடுவலையிலேயே இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. இப்போது பிள்ளைகளின் பக்கத்திலேயே அல்லவா இருக்கிறாள்! நூலைச் சுண்டி இழுத்து ஒரே விடு! வலையில் கோத்திருந்த மழைத்துளி அத்தனையும் சடசடவென்று அதன் கண்ணில் தெறித்தது.

“ஐயோ, ஆத்தா!”

பிடிமானம் நழுவி, ஓணான் கள்ளிவேலியில் போய் விழுந்தது.

அந்த ஈசல் சாயங்காலத்தில் பிடித்த நுனியை அவள் வம்சம் இன்னும் விடவில்லை. அதனால்தான் செடிகளில் சில சிலந்திகள் நடுவலையை விட்டுவிட்டு, ஓரத்து இலைக்குள் ஒதுங்கி, ஒரு காலை மட்டும் நூலில் வைத்திருக்கின்றன.

சாமிக்குப் பூப்பறிக்கப் போகிறவர்களே, அப்படி ஓர் இலையைக் கண்டால் அந்தக் கொப்பை மட்டும் வளைக்காமல் பறியுங்கள்.