கௌதாரி அடைகாத்த தோட்டம்

குளத்தங்கரைக் காட்டில் பூவாத்தாள் என்றொரு கௌதாரி தட்டப்பயறுத் தோட்டம் வைத்திருந்தாள். அவள் நிலத்தைக் கிளறியதே இல்லை. மண்புழுக்கள் கீழே உழுது தந்தன. பதிலுக்கு அவள் அவற்றைத் தின்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். காலைப் பனியில் அந்தத் தோட்டம் பாதித் தூக்கத்தில் கிடக்கும்.

அவள் கல்யாணத்தில் எல்லோரும் வழக்கப்படி அருகம்புல் தூவி வாழ்த்தினார்கள். வாழ்த்துப் புல்லைக் கூட்டித் தள்ள அவளுக்கு மனசு வரவில்லை. வாழ்த்து பலித்தது, புல்லுக்கு! ஒரே மழையில் அது தோட்டத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

இந்த நேரத்தில்தான் பூவாத்தாள் ஆறு முட்டை இட்டிருந்தாள். பயறு விளையாவிட்டால் குஞ்சுகளுக்குப் பட்டினிதான். பயந்துபோய்க் காட்டுப்பன்றியிடம் ஓடினாள்.

"இதுக்கா அழுவுற புள்ள? ஒரு பொழுதுல கிளறிப் போடறேன்!" என்றது பன்றி.

"வேண்டாங்கக்கா, அது எங்க வீடுங்க," என்று மண்புழு கெஞ்சியது. பூவாத்தாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பன்றி கிளறியது. புல் துண்டு துண்டானது. மண்புழுக்கள் ஊரைக் காலி செய்தன. மறு மழைக்கு ஒவ்வொரு துண்டும் கணுவுக்குக் கணு வேர்விட்டது. ஒன்று இருந்த இடத்தில் பத்து!

பூவாத்தாள் தன் புத்தியை நொந்துகொண்டே, புல்மேல் சருகு பரப்பி, முட்டைகளை அதில் வைத்து அடையில் உட்கார்ந்தாள். இருபது நாள் அசையவில்லை. வெயில் மெல்ல ஊர்ந்தது, கண் சொக்கியது. கனவில் புல் அவள் காதோரம் குழைந்தது.

"பூவாத்தா, இன்னொரு வாட்டி உழச் சொல்லேன். நாங்க இன்னும் பெருகணும்."

திடுக்கிட்டு விழித்தாள். அன்றுதான் குஞ்சுகள் பொரிந்தன. கூட்டை விலக்கிப் பார்த்தாள். அடியில் இருந்த புல் மட்டும் வெளுத்துச் சோர்ந்து கிடந்தது.

"அட, வெளிச்சம் இல்லேன்னா இதுக்குச் சோறு இல்லையா!" என்றாள்.

அன்று முதல் நிலத்தையே அடைகாத்தாள். தேக்கிலையும் சருகும் முழங்கால் உயரம் மூடாக்குப் போட்டாள். ஓரத்தில் எட்டிப்பார்த்த நுனிகளையும் சருகில் கிடந்த பூச்சிகளையும் குஞ்சுகள் தினமும் கொத்திப் பசியாறின. நாலு மாதம் ஆயிற்று. புல் மட்கியது. ஈரம் தேடி மண்புழுக்கள் திரும்பின.

"மன்னிச்சுருங்க," என்றாள் பூவாத்தாள்.

"மெத்தை போட்டு வெச்சிருக்கீங்க, வராம இருப்போமா?" என்றது மண்புழு.

மூடாக்கை விலக்கிப் பயறு ஊன்றினாள். தை மாதம் கொடியெல்லாம் காய். பன்றி வந்து நின்றது.

"இந்த வருசமும் உழுது தரட்டுமா புள்ள?"

"வேண்டாங்க மாமா. கால்ல ஒட்டின புல்லைக் கழுவிட்டு வாங்க, பயறு சாப்பிடலாம்," என்றாள் பூவாத்தாள்.

வேகம் காட்டினால் பெருகுகிற தொல்லையைப் பொறுமையால்தான் அடக்க முடியும்.